வெள்ளீஸ்வரர் பெயரைக் காப்பாற்றியவர்களுக்கு

எழுத்துருமாற்றிகளை எழுதி இலவசமாகத் தந்த நண்பர்களுக்கு,

மாங்காட்டில் டி.டி.பி. கடை நடத்துகிறவன் நான். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகப் போயிருக்கின்றன.

தமிழ்க் கணிமையின் கதையைச் சொல்கிறவர்கள் எழுத்துக் குறியேற்றத் தரங்களைச் சொல்வார்கள். மின்னஞ்சல் விவாதங்களில் உருவான டிஸ்கி, 1999 சென்னை தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த டாம், டாப், 2010-இல் அரசாணை பெற்ற யுனிகோடு. தரம் என்பது இனி எழுதப்போவதற்கு வழி. ஏற்கெனவே அடித்து வைத்ததை என்ன செய்வது? அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால், கம்ப்யூட்டரின் கணக்கில் அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். தமிழாகத் தெரிவது எழுத்துரு போடும் வேஷம். வேறு கம்ப்யூட்டரில் எழுத்துரு இல்லையென்றால் அம்மா காணாமல் போய்விடுவாள். ஒவ்வோர் எழுத்துக்கும் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எண்ணை அப்படியே யுனிகோடு எண்ணாக மாற்றினாலும் தீராது. பழைய எழுத்துருவில் ‘கொ’ கண்ணில் படும் வரிசையில் இருக்கும்: கொம்பு, ககரம், கால். யுனிகோடு ககரத்தை முதலில் வைத்து, ஒகரக் குறியைப் பின்னால் வைக்கும். முன்னால் நிற்கும் கொம்பைத் தூக்கிப் பின்னால் கொண்டுபோக வேண்டும்.

இன்னும் சிக்கலானது ளகரம். ‘கௌ’வில் கடைசியாக நிற்கும் ஔகாரக் குறிக்கும் ‘ள’வுக்கும் பல பழைய எழுத்துருக்களில் ஒரே எண்தான். கண்மூடி மாற்றினால் எங்கள் ஊர்க் கோயில் சாமி வெள்ளீஸ்வரர் ‘வௌ்ளீஸ்வரர்’ ஆகிவிடுவார். ‘வௌியீடு’, ‘தௌிவு’ என்று பழைய பக்கங்களில் இன்றும் கிடப்பவை இப்படி வந்தவைதாம். அடுத்து புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ளகரம், இல்லையென்றால் ஔகாரம். ‘வெளக்கு’ என்று பேச்சுத்தமிழில் எழுதினால் இந்த விதி ஏமாறும். இப்படி ஒவ்வோர் எழுத்துருவுக்கும் தனித்தனியாக உட்கார்ந்து அட்டவணை போட வேண்டும். பெயர் வாங்கித் தரும் வேலையில்லை இது.

யுனிகோடு தமிழை வைத்த விதத்திலும் ஒரு வாதம் உண்டு. கனடாவில் ஒஜிப்வே, கிரீ மக்களின் அசையெழுத்தில் ஒரே வடிவத்தைத் திருப்பி வைத்தால் உயிரொலி மாறும். 1999-இல் வந்த யுனிகோடு 3.0 அந்த அசைகளுக்குத் தனித்தனி எண் கொடுத்தது. 1991-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே தமிழ் உயிர்மெய்க்கு அந்த வசதி இல்லை. ‘கி’ என்றால் ககரமும் குறியுமாக இரண்டு எண்கள். தனி எண் வேண்டும் என்ற வாதத்திலிருந்து டேஸ் 16 என்ற குறியேற்றம் வந்தது. வாதம் முடியட்டும் என்று நீங்கள் காத்திருக்கவில்லை. கையில் இருந்த தரத்துக்கு எங்கள் கோப்புகளைக் கொண்டுவந்து சேர்த்தீர்கள்.

பொங்குதமிழ் மாற்றியைத் தந்த சுரதா யாழ்வாணன் அவர்களே, என்.எச்.எம். கன்வெர்ட்டரை உருவாக்கிய நியூ ஹொரைசன் மீடியா நண்பர்களே, உங்களுக்கு நன்றி. தேனீ எழுத்துருவைத் தந்து 2006-இல் மறைந்த அதிராம்பட்டினம் உமர் தம்பியையும் இந்த இடத்தில் வணங்குகிறேன். பெயர் போடாமல் உதவியவர்களுக்கும் இந்தக் கடிதத்தில் பங்கு உண்டு.

என் கடை அலமாரியில் பழைய குறுந்தட்டுகள் நிறைய இருக்கின்றன. விழா மலர்கள், யாரோ ஒருவர் தன் செலவில் போட்ட கவிதைப் புத்தகங்கள், குடும்ப வரலாறுகள். ஒவ்வொன்றாக யுனிகோடுக்கு மாற்றி, கொடுத்தவர்களிடமே திருப்பித் தரத் தொடங்கியிருக்கிறேன். எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார்கள். இந்த வேலைக்கு மட்டும் காசு வாங்குவதில்லை. நீங்களும் என்னிடம் வாங்கவில்லையே.


மாங்காட்டு டி.டி.பி. கடைக்காரன்