நோட்டுல ஏறாத பேரு

கிரிக்கெட்டுக்கு பெட் கட்டுறவங்களைப் பார்த்திருப்பீங்க. எலெக்‌ஷனுக்கு மொட்டை போடுறேன், பாதி மீசையை எடுக்கிறேன்னு சவால் விடுறவங்களையும் பார்த்திருப்பீங்க. ஜனாதிபதி தேர்தல்ல கட்சிக்காரங்க யாரை நிறுத்துவாங்கன்னு பெட் கட்டுற கூட்டத்தைப் பார்த்திருக்கீங்களா? கும்மிடிப்பூண்டிக்கு வாங்க பாஸ்!

சிப்காட்டுக்குள்ள திரும்புற ரோட்டுல ஒரு டீக்கடை. ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவங்களும் ஷிஃப்டுக்குப் போறவங்களும் அங்கேதான் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்குவாங்க. கடைக்கார மாமா கிட்ட ஒரு நீள நோட்டு இருக்கு. முன்பக்கம் கடன் கணக்கு. கடைசிப் பக்கம் பெட் கணக்கு. ஜெயிச்சவருக்கு ஒரு டீ, ரெண்டு பஜ்ஜி. காசு வெச்சு ஆடக் கூடாதுங்கிறது மாமாவோட சட்டம்.

எங்க நைனா அந்தக் கடையோட ஸ்டார் பேட்ஸ்மேன். எப்பவும் டக் அவுட் ஆகுற பேட்ஸ்மேன்!

நாங்க வீட்டுல தெலுங்கு பேசுறவங்க. எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி கொஞ்ச தூரம் போனா ஆந்திரா. அதனால நைனாவோட கணிப்புல எப்பவும் ஒரு 'மன வாடு' வாசனை அடிக்கும். 2002-ல அவர் பெட் கட்டினது கிருஷண் காந்த் மேல. அவர் பஞ்சாப்காரர்தான். ஆனா துணை ஜனாதிபதி ஆகுறதுக்கு முன்னாடி ஏழு வருஷம் ஆந்திராவுக்கு கவர்னரா இருந்தார்னு நைனா ஒரு கனெக்‌ஷன் புடிச்சுட்டாரு. உண்மையிலேயே அந்தப் பேர் கடைசி வரைக்கும் பேசப்பட்டுச்சு. தமிழ்நாட்டுல கவர்னரா இருந்த பி.சி.அலெக்ஸாண்டர் பேரும் ஓடுச்சு. ரெண்டும் நடக்கல. ஜூன் 10-ம் தேதி அண்ணா யுனிவர்சிட்டியில பாடம் நடத்த வந்திருந்த ஒரு புரொஃபசருக்கு பிரதமர் வாஜ்பாய்கிட்ட இருந்து போன் வந்துச்சு. 'யோசிக்க டைம் கொடுங்க'ன்னு கேட்டுட்டு, கொஞ்ச நேரத்துல சரின்னு சொன்னார் அப்துல் கலாம்.

நம்ம சென்னையில, நம்மளை மாதிரி ஸ்டூடன்ட்ஸ் சுத்தி நிக்கிற ஒரு கேம்பஸ்ல, நாட்டோட அடுத்த ஜனாதிபதி முடிவாச்சு. இதை நைனா வாயால எத்தனை தடவை கேட்டாலும் எனக்குப் புல்லரிக்கும். ஆனா அதே கதையில இன்னொரு பக்கம் இருக்கு. கலாம் ஜூலை 25 பதவியேத்தார். ரெண்டே நாள்ல, ஜூலை 27-ம் தேதி, கிருஷண் காந்த் மாரடைப்புல இறந்துட்டார். "பேரு வரும் வரும்னு சொல்லி, வராம போறது இருக்கு பாரு..." இதுக்கு மேல நைனா எதுவும் சொல்ல மாட்டார்.

எங்க திருவள்ளூர் மாவட்டத்துக்கு இந்த விஷயத்துல பழைய உறவு ஒண்ணு உண்டு. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்தது திருத்தணியில. அவர் ஜனாதிபதி ஆனது 1962. ஆனா 1957-லயே அவரை நிறுத்த நேருவுக்கு விருப்பம் இருந்துச்சு. கட்சி ராஜேந்திர பிரசாத்துக்கே இன்னொரு தடவை கொடுத்துடுச்சு. திருத்தணியே 1960-லதான் ஆந்திராவுல இருந்து நம்ம பக்கம் வந்துச்சு. அதனால 1957-ல அவர் வந்திருந்தா, 'எங்க ஊர் ஜனாதிபதி'ன்னு சித்தூர்காரங்க மார்தட்டியிருப்பாங்க. லேட்டானது நமக்கு லாபம்!

அதுக்கும் முன்னாடி, 1950-ல குடியரசு ஆனப்போ, கவர்னர் ஜெனரலா இருந்த ராஜாஜியே முதல் ஜனாதிபதி ஆகணும்னு நேரு நினைச்சார். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்துல சேராதவர்னு கட்சிக்காரங்க ஒத்துக்கல. நேருவே ஆசைப்பட்டும் நடக்காத விஷயம் இது. எங்க டீக்கடை கணிப்பு எந்த மூலைக்கு?

சரி, நம்ம ஓட்டு? நமக்கு இதுல நேரடி ஓட்டு கிடையாது. எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான் போடணும். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருத்தரோட ஓட்டு மதிப்பு 176. உத்தரப்பிரதேசத்துல 208. சிக்கிம்ல வெறும் 7. மாநில மக்கள் தொகையை எம்.எல்.ஏ. எண்ணிக்கையால வகுத்து, அதை ஆயிரத்தால வகுத்து வர்ற கணக்கு இது. சிக்கிம் எம்.எல்.ஏ.க்கள் 32 பேரையும் சேர்த்தா 224. எங்க கும்மிடிப்பூண்டியும் பக்கத்து பொன்னேரியும் சேர்ந்தாலே 352. இதை நான் கடையில சொன்னப்போ எல்லாரும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டாங்க.

ஆனா ஒரு விஷயம். அந்த மக்கள் தொகை, 1971-ம் வருஷக் கணக்கு. சிப்காட்டுக்கு வேலைக்கு வந்து சேர்ந்த வெளிமாநில ஜனங்க யாரும் அந்த 176-க்குள்ள கிடையாது. அப்படி வந்த ஒருத்தரைப் பத்திதான் சொல்லணும்.

2022 ஜூன். நான் பிளஸ் டூ ரிசல்ட்டுக்காக வயித்துல புளியைக் கரைச்சுக்கிட்டு இருந்தேன். வீட்டுல இருந்தா அம்மா மூஞ்சியைப் பார்க்க முடியல. அதனால நைனாவோட டீக்கடைக்குப் போயிடுவேன். கடைசிப் பக்கம் ஃபுல்லா ஓடிட்டு இருந்தது. நைனா வழக்கம்போல, "வெங்கய்ய நாயுடு! நம்ம நெல்லூரு ஆளு. துணை ஜனாதிபதியா இருக்காரு. அடுத்த படி அதானே?" ஆரிஃப் முகமது கான்னு ஒருத்தர் சொன்னார். தமிழிசை அக்காதான்னு இன்னொருத்தர் அடிச்சுச் சொன்னார். எதிர்க்கட்சிப் பக்கம் சரத் பவார்ல ஆரம்பிச்சு, ஃபரூக் அப்துல்லா, கோபால்கிருஷ்ண காந்தின்னு பேர் வர வர ஒவ்வொருத்தரா வேணாம்னு ஒதுங்கிட்டு இருந்தாங்க. கோபால்கிருஷ்ண காந்தி, ராஜாஜியோட மகள் வயித்துப் பேரன். தாத்தாவுக்குக் கைக்கு வராமப் போனதைப் பேரன் தேடி வந்தும் வேண்டாம்னுட்டார்.

அப்போ பெஞ்ச் ஓரத்துல ஒருத்தர் டீ குடிச்சுட்டு இருந்தார். ஒடிசாக்காரர். ரோலிங் மில்லுல கான்ட்ராக்ட் வேலை, பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட். எல்லாரும் 'பையா'ன்னு கூப்பிடுவாங்க. எங்க ஊர் ஸ்டேஷன் தாண்டிப் போற அதே தண்டவாளத்துல நேரா போனா அவங்க மாநிலம் வந்துடும். வந்து பல வருஷம் ஆச்சு. தமிழ் ஓரளவுக்குப் பேசுவார்.

"இன்னா எழுதுறாங்க?"ன்னு கேட்டார். சொன்னோம். கொஞ்சம் யோசிச்சுட்டு, "திரௌபதி முர்மு"ன்னார்.

யாருக்கும் புரியல.

"எங்க மயூர்பஞ்ச் ஜில்லா. ஜார்க்கண்ட் கவர்னர் இருந்தாங்க. போன தடவையும் பேர் வந்துச்சு."

"திரௌபதி அம்மனா? அவங்க எங்க ஊர் தீமிதிக்குதான் பையா வருவாங்க, டெல்லிக்கு எல்லாம் போக மாட்டாங்க!"

கடையே சிரிச்சுச்சு. அந்த ஜோக்கை அடிச்சது நான்தான். பிளஸ் டூ படிச்ச திமிரு. எங்க பக்கத்துல தெருவுக்குத் தெரு திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறதால ஜோக் சூப்பரா எடுபட்டுச்சு. பையாவும் கூடச் சேர்ந்து சிரிச்சார். மாமா அந்தப் பேரை நோட்டுல எழுதவே இல்ல.

ஜூன் 20 எனக்கு ரிசல்ட். தப்பிச்சுட்டேன். மறுநாள் ஜூன் 21. பகல்ல எதிர்க்கட்சிகள் யஷ்வந்த் சின்ஹான்னு அறிவிச்சாங்க. ராத்திரி பா.ஜ.க. அறிவிப்பு. டி.வி.யில பேரைப் பார்த்ததும் நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சோத்தைப் பார்த்தேன்.

காலையில கடைக்குப் போனா, அங்கே பெரிய சட்டசபை விவாதம்! பையாவுக்கு டீ, பஜ்ஜி உண்டா இல்லையா? "நோட்டுல இல்லாத பேருக்கு எப்படிப்பா குடுக்கிறது?"ன்னு மாமா. "அவரு சொன்னாரு இல்ல, நாம எல்லாம் கேட்டோம் இல்ல"ன்னு நைனா. "ரூல்னா ரூல்தான்"னு நாலு பேர். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'எழுத விடாம பண்ணினது நான்தான்'னு சொல்லியிருக்கலாம். சொல்லல. ஜோக் அடிக்கிறப்போ வந்த வாய் அப்போ வரல.

நைட் ஷிஃப்ட் முடிச்சு பையா வந்தார். விவாதம் டக்குனு நின்னுடுச்சு. அவர் பஜ்ஜியைப் பத்திக் கேட்கவே இல்ல. சட்டைப் பாக்கெட்ல இருந்து காசை எடுத்து மாமா முன்னாடி வெச்சு, "எல்லாருக்கும் டீ"ன்னார். பதினோரு பேர் இருந்தோம். பெட்ல தோத்த பதினோரு பேருக்கும் ஜெயிச்சவர் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயை நான் குடிச்சேன். எப்படிக் குடிச்சேன்னு இப்பவும் தெரியல.

அப்புறம் போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினார். ராய்ரங்பூர்ல ஒரு சிவன் கோயில். அந்தம்மா காலையில துடைப்பத்தால கூட்டிட்டு இருக்காங்க. "இந்தக் கோயில் நான் போயிருக்கேன் தம்பி"ன்னார். அவங்க அந்த ஊர்ல டீச்சரா இருந்தது, 1997-ல கவுன்சிலர் ஆனது, அப்புறம் மந்திரி ஆனது, கணவரையும் ரெண்டு பையன்களையும் பறிகொடுத்தது... எல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரும் சந்தால் இனத்தவர்தான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. தினமும் பார்க்கிறவர் என்ன மொழி பேசுறவர்னுகூட நான் கேட்டதில்ல.

அந்த வாரம் இன்னொரு செய்தி வந்துச்சு. அவங்க பிறந்த உபர்பேடா கிராமத்துல டுங்குரிசாஹின்னு ஒரு பகுதி. அதுக்கு அதுவரைக்கும் கரண்ட்டே கிடையாதாம். வேட்பாளர் பேரை அறிவிச்சதும் மின்வாரிய ஆட்கள் கம்பம், வயரோட போய் இறங்கிட்டாங்க. பேர் வர்றதுக்கே இவ்வளவு பவர்! நான் ஆர்வமா பையாகிட்ட கேட்டேன், "உங்க ஊருக்கும் கரண்ட் வந்துடும்ல?"

"எங்க ஊர்ல கரண்ட் இருக்கு தம்பி. வேலைதான் இல்ல."

ஜூலை 21-ம் தேதி ஓட்டு எண்ணினாங்க. முர்முவுக்கு 6,76,803. சின்ஹாவுக்கு 3,80,177. அன்னைக்கும் பையாவுக்கு ஷிஃப்ட்.

இதுக்கு அப்புறம் எனக்கும் நைனாவுக்கும் ஒரு சண்டை ஓடிட்டே இருக்கு. நான் சொல்வேன், "இது எல்லாம் கணக்கு நைனா. எந்த மாநிலம், எந்த ஜாதி, எந்த எலெக்‌ஷன்னு பார்த்துதான் பேர் எடுக்கிறாங்க. 2002-ல எதிர்க்கட்சியும் மறுக்க முடியாத பேர் தேவைப்பட்டுச்சு, கலாம் வந்தார். காங்கிரசே ஆதரிச்சுச்சு. எதிர்த்து நின்ன கேப்டன் லட்சுமிக்கு இடதுசாரிங்க மட்டும்தான். அவ்ளோதான்." நைனா மறுக்க மாட்டார். "கணக்குதான்டா. அந்தக் கணக்குல நம்ம பேரு எப்பயாச்சும் வருமான்னுதான் எல்லாரும் பார்க்கிறான். நான் நெல்லூரைப் பார்த்தேன். அவன் மயூர்பஞ்ச்சைப் பார்த்தான். நீ சிரிச்ச."

கடைசி வார்த்தை மட்டும் எனக்கு நேரா வரும்.

நான் இப்போ இன்ஜினீயரிங் கடைசி வருஷம். ஹாஸ்டல்லயும் சரி, டிரெயின்லயும் சரி, இந்த டாபிக் மறுபடி சூடு பிடிச்சுடுச்சு. முர்முவோட ஐந்து வருஷம் 2027 ஜூலையில முடியுது. 2025 செப்டம்பர்ல துணை ஜனாதிபதி தேர்தல்ல 452 ஓட்டு வாங்கி ஜெயிச்ச நம்ம திருப்பூர் சி.பி.ராதாகிருஷ்ணன் பேர்தான் எங்க கிளாஸ்ல ஃபேவரைட். 'இன்னொரு ராதாகிருஷ்ணன் மச்சி, பேர்லயே இருக்கு'ன்னு ஒருத்தன் அடிச்சு விடுறான்.

எனக்கு அவ்ளோ நம்பிக்கை இல்ல. ஹிஸ்டரி அப்படி. முதல் ராதாகிருஷ்ணன், ஜாகிர் உசேன், வி.வி.கிரி, ஆர்.வெங்கட்ராமன், சங்கர் தயாள் சர்மா, கே.ஆர்.நாராயணன்னு ஆறு துணை ஜனாதிபதிகள் மேல போனாங்க. ஆனா நாராயணன் ஜெயிச்சது 1997-ல. அதுக்குப் பிறகு 2022 வரைக்கும் ஒருத்தர்கூட அந்தப் படியை ஏறல. கிருஷண் காந்த், ஷெகாவத், ஹமீத் அன்சாரி, வெங்கய்ய நாயுடு... ஷெகாவத் 2007-ல தேர்தல்ல நின்னே தோத்தார். பேர் முதல்ல அடிபடுறவங்களுக்கு இந்த ஆட்டத்துல ராசி இல்லைன்னுதான் தோணுது. எதிர்க்கட்சிப் பக்கம் யாருன்னு கேட்டா, பெட் கட்டுற அளவுக்குக்கூட எங்க யாருக்கும் தைரியம் இல்ல.

போன தடவை லீவுக்கு வந்தப்போ கடைக்குப் போனேன். மாமா புது நோட்டு போட்டிருந்தார். கடைசிப் பக்கத்துல நைனா பேருக்கு நேரா 'சந்திரபாபு நாயுடு'ன்னு இருந்தது. அவரே வர மாட்டார்னு தெரிஞ்சும் நைனா கட்டியிருக்கார்!

பையா பெஞ்ச்ல அதே இடத்துல இருந்தார். முன்பக்க முடி கொஞ்சம் நரைச்சிருக்கு. வேலை இன்னும் கான்ட்ராக்ட்தான். நான் நோட்டையும் பேனாவையும் மாமாகிட்ட இருந்து வாங்கிட்டுப் போய் பக்கத்துல உட்கார்ந்தேன்.

"இந்தத் தடவை யாரு பையா?"

டீயை ஒரு வாய் குடிச்சுட்டு ஒரு பேரைச் சொன்னார். நான் கேள்விப்பட்டதே இல்ல. எந்த மாநிலம்னுகூடத் தெரியல.

"மெதுவா சொல்லுங்க பையா"ன்னேன். அவர் ஒவ்வொரு எழுத்தா சொல்லச் சொல்ல, தமிழ்ல எழுதிக்கிட்டேன்.