தலைமதகும் கடைமடையும்

செஞ்சியின் 2012ஆம் ஆண்டு இரவுகளை நினைத்தால் இருட்டே முதலில் வந்து நிற்கிறது. தமிழகமெங்கும் மின்வெட்டு கடுமையாக இருந்த காலம். ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் கூரைகளுக்கு மேல் கரிய திரள்களாக எழுந்து நிற்கும். அண்ணன் தம்பியாகிய எங்கள் வீட்டில் அந்நேரத்து வெளிச்சம், பள்ளியில் அரசு இலவசமாகத் தந்த மடிக்கணினியிலிருந்து வருவதுதான். அதன் ஒரு யுஎஸ்பி துளையில் சிறு விளக்கு, மற்றதில் கைப்பேசி.

மின்கலம் தேய்வதைக் கண்டு, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் விளக்கு தானாக அணைய வேண்டும் என்று ஆசைப்பட்டோம். மடிக்கணினியில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. நாலைந்து வரிகளில் ஓர் ஆணைத்தொடர் எழுதினோம். துளை உறங்கிவிட்டது என்று திரை அறிவித்தது. விளக்கோ எரிந்துகொண்டே இருந்தது.

காரணத்தைப் பின்னர் படித்து அறிந்தோம். யுஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு கருவி முதலில் 100 மில்லிஆம்பியர் வரைதான் எடுக்கலாம். தன்னை இன்னதென்று அறிவித்து, கணினி இசைந்த பின்பே 500 வரை பெறலாம். ஆனால் எங்கள் விளக்கு எதையும் அறிவிப்பதில்லை. ஐந்து வோல்ட் கம்பியில் வாய் வைத்து உறிஞ்சும் அவ்வளவே. அப்படியொன்று செருகப்பட்டிருப்பதே கணினிக்குத் தெரியாது. உறக்க ஆணை தகவல் போக்குவரத்தை நிறுத்துமே தவிர, மின்சாரத்தை வெட்டாது. வெட்டுவதற்கு ஒவ்வொரு துளைக்கும் தனி மின்விசை வேண்டும். விதிகள் அதை அனுமதிக்கின்றன, கட்டாயமாக்கவில்லை. எனவே செலவு கருதிப் பெரும்பாலோர் வைப்பதில்லை. இன்று இதற்கென்றே யுஹப்சிடிஎல் என்றொரு நிரல் இருக்கிறது. அதுவும் அவ்விசை உள்ள ஹப்புகளில் மட்டுமே பலிக்கும். விசை உண்டென்று கணினியிடம் சொல்லிவிட்டு உள்ளே வெறும் கம்பியோடு இருக்கும் ஹப்புகளும் உண்டு.

இவையெல்லாம் அப்போது தெரியாது. துளை எந்நேரமும் மின்சாரம் தரும், சொன்னாலும் நிறுத்தாது என்ற ஒற்றைப் பாடத்தையே விளக்கிடமிருந்து கற்றிருந்தோம்.

அந்த ஆண்டில்தான் அப்பா நெஞ்சுவலியோடு புதுவையில் ஒரு மருத்துவமனையில் கிடந்தார். உடனிருந்த அம்மா, ஏதேனும் என்றால் இரவில் அழைப்பதாகச் சொல்லியிருந்தார். மின்சாரம் இல்லை. விளக்கைப் பிடுங்கிவிட்டு, கைப்பேசியைத் துளையில் செருகினோம். மின்னேற்றக் குறி அசைந்ததைப் பார்த்தோம். மின்கலத்தை மிச்சப்படுத்த மடிக்கணினியின் மூடியைச் சாத்திவிட்டு உறங்கினோம்.

மூடி சாத்தியதும் கணினி உறங்கியது. உறங்கியதும் இரு துளைகளுக்குமான மின்சாரத்தை ஒருசேர நிறுத்தியது. வாய்க்காலுக்கு வாய்க்கால் மதகு இல்லாத ஏரியிலும் தலைமதகு ஒன்று இருக்கும் அல்லவா, அதை இறக்கிவிட்டது. உறக்கத்திலும் மின்சாரம் விடும் துளைகளைச் சில கணினிகளில் வைக்கிறார்கள்; எங்களுடையதில் இல்லை. விடியலில் கைப்பேசி செத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் சேதி வந்தது: இரவு இரண்டு மணிக்கு அப்பாவுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. அம்மா திரும்பத் திரும்ப எங்களை அழைத்திருக்கிறார்.

அப்பா பிழைத்து வீடு வந்தார். அம்மா அந்த இரவைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் 24 அடி அகலமும் 60 அடி ஆழமுமான ஒரு பாறைப் பிளவு உண்டு. முன்பு அதன் மேல் இழுத்துக்கொள்ளக்கூடிய மரப்பாலம் இருந்தது. பாலத்தை இழு என்று எவரும் ஆணையிடலாம். இழுபடும் பாலமும் இழுக்கும் கையும் அங்கே இருந்தாக வேண்டும். இப்போதெல்லாம் திரையில் 'அணைக்கப்பட்டது' என்று கண்டால் விளக்கைத் திரும்பிப் பார்க்கிறோம். மின்னேற்றக் குறி அசைந்தால், மூடியைச் சாத்திவிட்டு இன்னொரு முறை பார்க்கிறோம்.