சிம்மில் எரியும் அடுப்பு

டாக்டர்கள் வைக்கும் பெயர்களில் ஒரு சௌகரியம் உண்டு. வாலைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். டான்சிலைட்டிஸ், அப்பெண்டிசைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ், பிராங்கைட்டிஸ்... 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அந்த இடத்தில் அழற்சி என்று அர்த்தம். (திங்கட்கிழமை காலையில் நமக்கெல்லாம் வருகிற ஆபீசைட்டிஸ் இந்தக் கணக்கில் சேராது. அதற்கு ஒரே மருந்து ஞாயிற்றுக்கிழமை.)

அழல் என்றால் நெருப்பு. அதிலிருந்துதான் அழற்சி. இங்கிலீஷில் சொல்கிற 'இன்ஃப்ளமேஷ'னுக்குள்ளும் நெருப்புதான் இருக்கிறது. இந்த நெருப்புக்கு நாலு அடையாளம் என்று முதல் நூற்றாண்டிலேயே ரோமாபுரியில் கெல்சஸ் என்பவர் எழுதி வைத்தார். சிவப்பு, வீக்கம், சூடு, வலி. சந்தேகமிருந்தால் கட்டெறும்பு கடித்த இடத்தைப் பாருங்கள். நாலும் ஆஜராகியிருக்கும்.

இது நல்ல நெருப்பு. காயமோ கிருமியோ வந்தால் அந்த இடத்து ரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கும். வெள்ளை அணுக்கள் லாரி லாரியாக வந்து இறங்கும். அடிதடி நடக்கும். வேலை முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். எலெக்‌ஷன் பந்தோபஸ்துக்கு வந்த ரிசர்வ் போலீஸ் மாதிரி.

எலெக்‌ஷன் முடிந்தும் போலீஸ் ஊரைவிட்டுப் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கலவரம் இல்லை. ஆனால் கையில் லத்தி இருக்கிறது. சும்மா இருக்குமா? டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவனை ஒரு தட்டு, சைக்கிளில் போகிறவனை ஒரு தட்டு. இதுதான் நாள்பட்ட அழற்சி. இதில் பெரிய சங்கடம், கெல்சஸ் சொன்ன நாலு அடையாளமும் பெரும்பாலும் வெளியே தெரியாது. அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி, வருஷக்கணக்கில் எரியும். அடி கருகிய வாசனை வரும்போதுதான் வீட்டில் எல்லோரும் சமையலறைக்கு ஓடுவார்கள்.

எங்கள் குடும்பத்தில் அப்படி ஓட வைத்தவர் என் பெரியப்பா பையன். பேங்க் ஆபீசர். வயது 42. கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் எப்போதும் பர்ஸிலேயே இருக்கும். கல்யாணப் பந்தியில் யாராவது, "இன்னொரு வடையா?" என்று புருவத்தைத் தூக்கினால், "எல்.டி.எல். நார்மல்" என்று எடுத்துக் காட்டிவிட்டுத் தொடர்ந்து சாப்பிடுவார். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பேங்க்கிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். நேரத்தில் கொண்டு சேர்த்தார்கள். ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். மூன்றாம் கிளாஸ் படிக்கிற அவர் பெண், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வார்டு வாசலில் உட்கார்ந்து ஹோம் ஒர்க் எழுதிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எங்களில் யாருக்கும் அவளிடம் பேசுகிற தைரியம் வரவில்லை.

மூன்றாம் நாள் அண்ணி டாக்டரைக் கேட்டுவிட்டார்: "கொலஸ்ட்ரால் நார்மல்னுதானே சார் இருந்துது?"

டாக்டர் மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு ஒரு குழாய் வரைந்தார். "கொலஸ்ட்ரால் விறகும்மா. ரிப்போர்ட்ல நார்மல்னா விறகே இல்லைன்னு அர்த்தம் கிடையாது. இருக்கிற விறகுல தீ பிடிக்குதா இல்லையாங்கிறது இன்னொரு விஷயம்" என்றார்.

அவர் சொன்னது இதுதான். ரத்தக் குழாயின் சுவருக்குள் கொலஸ்ட்ரால் புகுந்து தங்குகிறது. வெள்ளை அணு அதைத் தின்னப் போகிறது. தின்று தின்று ஊதி, அங்கேயே செத்து விழுகிறது. அதை அள்ள இன்னொன்று வருகிறது. அதுவும் விழுகிறது. இப்படிச் சேர்கிற குப்பைமேட்டை ஒரு தோல் மூடியிருக்கிறது. உள்ளே அழற்சி ஓயாமல் எரிந்தால் அந்தத் தோல் மெலிந்து ஒருநாள் கிழிகிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைகிறது. குழாய் அடைக்கிறது. அதுதான் மாரடைப்பு.

பிறகு அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "பல் தேய்க்கும்போது ரத்தம் வருமா?"

"அது நாலஞ்சு வருஷமா வருதே சார்" என்றார் அண்ணன், சொந்த ஊர் பஸ்ஸைப் பற்றிச் சொல்வது போல.

"சிகரெட்?"

"ஒரு நாளைக்கு ஆறு."

அண்ணி பார்த்தார்.

"எட்டு" என்றார் அண்ணன்.

அப்படியானால் தீயை அணைக்க ஒரு மருந்து இருக்க வேண்டுமே? விஞ்ஞானிகளும் அதைத்தான் யோசித்தார்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேரை வைத்து கான்டோஸ் என்று ஒரு ஆராய்ச்சி. முடிவு 2017-ல் வெளிவந்தது. கனகினுமாப் என்ற ஊசி. இது கொலஸ்ட்ராலைத் தொடாது. அழற்சியை மூட்டிவிடுகிற இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற ரசாயனத்தை மட்டும் பிடித்து வைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 150 மில்லிகிராம் போட்டுக்கொண்டவர்களுக்கு, மறுபடி மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் ஆபத்து 15 சதவிகிதம் குறைந்தது. தீயைக் குறைத்தால் இதயத்துக்கு நல்லது என்று நிரூபணம் ஆயிற்று.

ஆனால் அதே ஆராய்ச்சியில் கிருமித் தொற்றால் இறந்தவர்கள், ஊசி போட்டவர்களில் கொஞ்சம் அதிகம். போலீஸை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பினால் திருடன் வருவான் அல்லவா? அழற்சி நமக்கு வேண்டும். அணைக்கக் கூடாது. வேண்டாத இடத்தில் எரிகிறதற்குத் தீனி போடாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம்.

இதைப் புரிந்துகொண்டால் இரண்டு செலவு மிச்சம்.

முதலாவது, வலி மாத்திரை. டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன் எல்லாம் அழற்சி மருந்துதானே என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கித் தினமும் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. வயிற்றில் புண், கிட்னிக்குக் கஷ்டம், போதாக்குறைக்கு மாரடைப்பு ஆபத்தும் கூடும். கடனை அடைக்கக் கந்துவட்டிக்கு வாங்குகிற கதை.

இரண்டாவது, மஞ்சள். "சர்வரோக நிவாரணி, ஷேர் செய்யவும்" என்று தினமும் காலையில் ஒரு உறவினர் அனுப்புகிறார். குழம்பில் மஞ்சள் போடுங்கள், நிறமாக இருக்கும், ருசியாக இருக்கும். ஆனால் அதிலிருக்கிற குர்க்குமின் கொஞ்சம்தான். அதிலும் குடல் உறிஞ்சிக்கொள்வது சொற்பம். சரி, மாத்திரையாகவே விழுங்குகிறேன் என்று கிளம்பியவர்களில் சிலருக்கு ஈரல் கெட்டுப்போனது மேல்நாடுகளில் பதிவாகியிருக்கிறது.

நான் பி.காம். வருமானத்தைக் கூட்ட வழி தெரியாதபோது செலவைக் குறை என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே பொருளாதாரம். இங்கேயும் அதேதான். புதிதாக எதையும் வாங்க வேண்டாம். அடுப்புக்குப் போகிற விறகை உருவுங்கள்.

முதல் விறகு தொப்பை. கொழுப்பு என்பது சும்மா கிடக்கிற மூட்டை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 1993-ல் அமெரிக்காவில், கொழுத்த எலிகளின் கொழுப்பிலிருந்தே டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற அழற்சி ரசாயனம் வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். மூட்டை இல்லை சார், ஃபாக்டரி! அதிலும் வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேர்கிற கொழுப்பு மூன்று ஷிஃப்ட்டும் ஓடுகிற ஃபாக்டரி. இந்திய ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ. தாண்டக் கூடாது. கிட்டத்தட்ட 35½ அங்குலம்.

"நான் 34 சைஸ்தான் போடறேன்" என்று சந்தோஷப்படாதீர்கள். தொப்பை வளர வளர பேன்ட் கீழே இறங்கிக்கொண்டே போகும், சைஸ் மாறாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றினால்தான் உண்மை வெளிவரும்.

இரண்டாவது சிகரெட். இதற்கு விளக்கம் தேவையில்லை. டப்பாவிலேயே படம் போட்டிருக்கிறான்.

மூன்றாவது ஈறு. கை கழுவும்போது கையிலிருந்து தினமும் ரத்தம் வந்தால் சும்மா இருப்போமா? வாயில் வந்தால் மட்டும் "பிரஷ் முரடு" என்று துப்பிவிட்டுப் போகிறோம். ஈறில் ரத்தம் என்றால் பெரும்பாலும் அங்கே அழற்சி குடியிருக்கிறது. சர்க்கரை நோய் ஈறைக் கெடுக்கும். கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றும். ஈறுக்கு வைத்தியம் செய்தால் சர்க்கரை கொஞ்சம் இறங்குகிறது என்றே பார்த்திருக்கிறார்கள். இரவில் ஒருமுறையும் பல் தேய்ப்பது, பல் டாக்டரிடம் சுத்தம் செய்துகொள்வது, இரண்டும் போதும்.

நான்காவது உட்கார்ந்தே இருப்பது. தசை வேலை செய்யும்போது அழற்சியைத் தணிக்கும் சமிக்ஞைகளை அதுவே அனுப்புகிறது. வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமான நடை. ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி நடந்தாலே பாதிக் கணக்கு முடிந்துவிடும். தூக்கத்தையும் திருடாதீர்கள். சாப்பாட்டில் மைதாவையும் சர்க்கரைத் தண்ணீரையும் குறைத்து சுண்டல், கீரை, நிலக்கடலை, மத்தி மீன் என்று போங்கள். நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியா தின்று, அழற்சியை அடக்கும் அமிலங்களைத் தருகிறது. சம்பளமில்லாத வேலைக்காரர்கள், சோறு போட்டால் போதும்.

டெஸ்ட் உண்டா என்பீர்கள். உண்டு. ஹெச்.எஸ். சி.ஆர்.பி. ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே நல்லது. 1 முதல் 3 வரை நடுத்தரம். அதற்கு மேல் அதிகம். ஆனால் ஜலதோஷம் பிடித்திருந்தாலே இது எகிறிவிடும். 10-ஐத் தாண்டினால் உடம்பு தேறியபின் மறுபடி எடுக்க வேண்டும். எண்ணைப் பார்த்து நீங்களாகவே உயில் எழுத உட்காராதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

இளைஞர்களுக்குத் தனியாக ஒன்று. முதுகுவலி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, காலையில் அரை மணி நேரமாவது விறைத்து, படுத்தால் அதிகமாகி நடந்தால் குறைகிறதென்றால் அது நாற்காலியின் குற்றமாக இல்லாமல் இருக்கலாம். முதுகெலும்பில் வரும் அழற்சி நோய் ஒன்று இப்படித்தான் ஆரம்பிக்கும். மூட்டு வியாதி ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்ப்பது உத்தமம்.

மற்றவர்களுக்கு இன்றைய செலவு ஒரு இன்ச் டேப். அதுவும் தையல் மெஷின் டிராயரிலேயே கிடக்கும். மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு அளக்காதீர்கள். அது ஆடிட்டருக்கே பொய்க் கணக்குக் காட்டுவது. கல்யாணமானவர்கள் டேப்பை மனைவியிடம் கொடுத்துவிடலாம், ஒரு மில்லிமீட்டர் தள்ளுபடி கிடைக்காது. ஆகாதவர்கள் தயவுசெய்து அம்மாவிடம் கொடுக்க வேண்டாம். 40 அங்குலம் காட்டினாலும், "இளைச்சுப் போயிட்டியேடா" என்பார்.