அறுபதிலேயே நிற்கும் எண்

2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்து பெரியகுளத்தில் அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. அப்படியொரு பழைய லேப்டாப் இன்னும் நம்ம வீட்டில் ஓடுகிறது, இப்போது உபுண்டுவில்.

அக்கா மகன் புது லேப்டாப்போடு வந்திருந்தான். இரண்டிலும் சூப்பர்டக்ஸ்கார்ட் கேமைப் போட்டு, கிராஃபிக்ஸைக் குறைத்து ஓட்டினோம். இரண்டிலும் 60 எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு 60 ஃப்ரேம்!

"என்ன மாமா, உங்க டப்பாவும் என்னோடதும் ஒண்ணா?" பையனுக்கு முகமே சரியில்லை.

சோத்துப்பாறை அணையில் எவ்வளவு தண்ணீர் கிடந்தாலும் மதகு திறந்த அளவுதானே வாய்க்காலில் வரும்? இங்கே மதகு விசின்க். திரை 60 ஹெர்ட்ஸ் என்றால் கேமும் 60-க்கு மேல் போகாது. கேம் செட்டிங்கில் அதை அணைத்தும் எண் அசையவில்லை. டிரைவர் தனியாகப் பிடித்து வைத்திருந்தது. இன்டெல், ஏஎம்டிக்கான மெசா டிரைவரில், டெர்மினலில் விபிளாங்க் மோடைப் பூஜ்யமாக்கிக் கேமைத் திறந்தால் விட்டுவிடும்.

பழையது எழுபதுகளில் தள்ளாடியது. புதுசு 120-ல் போய் அசையாமல் நின்றது. அது கேமே வைத்திருக்கும் வரம்பு. கான்ஃபிக் ஃபைலில் 'மேக்ஸ் எஃப்பிஎஸ்' என்ற வரியில் 120 என்றே இருக்கும். கேமை மூடிவிட்டு மாற்றுங்கள், இல்லாவிட்டால் வெளியே வரும்போது பழைய எண்ணையே எழுதிவிடும்.

மாற்றியதும் 200-ஐத் தாண்டியது. பையன் ஆடிய ஆட்டத்தைப் பார்க்கணுமே!

அரசு லேப்டாப்பை இன்னும் வைத்திருப்பவர்கள் ஓட்டிப் பார்த்து, உங்கள் எண்ணைக் கமெண்டில் போடுங்கள். சார்ஜர் மாட்டியிருக்கட்டும்.