பௌர்ணமி பார்த்துப் போகும் மாநாடு

சென்னையில் சாஃப்ட்வேர் மாநாடு என்று அழைப்பு வந்தால், யார் பேசுகிறார்கள், கட்டணம் எவ்வளவு என்று மற்ற ஊர்க்காரர்கள் பார்ப்பார்கள். திருவண்ணாமலையில் தொழில் செய்கிறவன் முதலில் தினசரி காலண்டரைப் பார்ப்பான். எங்கள் கடை சிறியது. லாட்ஜுகளுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்து, அதைப் பராமரிப்பதுதான் பிழைப்பு. பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம். ஊரில் அறை காலியிருக்காது. அன்றைக்கு எந்த லாட்ஜில் பில் நின்றாலும் போன் எனக்குத்தான் வரும்.

மாநாடு நடத்துகிறவர்களுக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை. 2019 அக்டோபரில் பைத்தான் மொழிக்காரர்களின் தேசிய மாநாடான ‘பைகான் இந்தியா’ நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு வந்தது. இவ்வளவு பக்கத்தில் வந்ததே பெரிது. தேதி 12, 13. பதின்மூன்றாம் தேதி பௌர்ணமி. 2024 பிப்ரவரியில் தமிழக அரசின் தொழில்நுட்ப மாநாடான ‘உமாஜின்’ அதே மையத்தில், 23, 24 தேதிகளில். இருபத்து நான்காம் தேதி பௌர்ணமி, கூடவே மாசி மகம். சந்திரனுக்கும் நந்தம்பாக்கத்துக்கும் ஏதோ ஒப்பந்தம் இருக்கிறது.

தேதி ஒத்துவந்தால் அடுத்தது செலவு. சென்னைக் கடற்கரை ரயில் 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீண்ட பிறகு, 50 ரூபாய் டிக்கெட்டில் போய்விடலாம். ஆனால் அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி, காட்பாடி, அரக்கோணம் சுற்றிக் கடற்கரை சேரப் பத்து மணி ஆகும். அங்கிருந்து நந்தம்பாக்கம் போவதற்குள் தொடக்க விழாவும் டீயும் முடிந்திருக்கும். சாயங்காலம் 6 மணி வண்டியைப் பிடிக்க நாலரைக்கே அரங்கை விட்டுக் கிளம்ப வேண்டும். முதுகு தாங்குமானால் செஞ்சி, திண்டிவனம் வழி பஸ்ஸே மேல். இதெல்லாம் சில்லறைக் கணக்கு. கடையில் நாங்கள் இரண்டே பேர்; ஒருவர் போனால் பாதி கம்பெனி போகிறது.

போனால் என்ன கிடைக்கும்? பேச்சுக்காகப் போக வேண்டியதில்லை. நல்ல பேச்சுகள் பெரும்பாலும் யூடியூபுக்கு வந்துவிடுகின்றன, சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம். ஸ்டால்களில் கழுத்தட்டையை ஸ்கேன் செய்துகொண்டு ஒரு பேனா தருவார்கள். பிறகு கிளவுட் விற்கிறவர், கடன் தருகிறவர் என்று போன் ஓயாது. அட்டையில் ஊர்ப் பெயரைப் படித்ததும் “கிரிவலத்துக்கு ரூம் சொல்லி வைப்பீங்களா சார்?” என்று கேட்கிறவர்களும் உண்டு.

எனக்குப் பயன்பட்டது சாப்பாட்டு வரிசை. ஒருமுறை எனக்கு முன்னால் தட்டோடு நின்றவர் பழநிக்காரர்; அவரும் லாட்ஜ் மென்பொருள்தான் செய்கிறார். இருவருக்கும் ஒரே தலைவலி. கிரிவலம் முடித்து விடியற்காலையில் வருகிறவர் குளித்து உடை மாற்ற மூன்று மணி நேரம் அறை கேட்பார். எங்கள் மென்பொருளுக்குத் தெரிந்ததோ 24 மணி நேர வாடகை. அதனால் மேனேஜர் கம்ப்யூட்டரை ஓரம் தள்ளிவிட்டு நீளநோட்டில் எழுதிக்கொள்வார். மறுநாள் “தம்பி, கணக்கு இடிக்குது, வந்து பாரு” என்பார். தைப்பூசத்துக்குப் பழநியிலும் இதே கதையாம். பழநிக்காரரோ அறையை விட்டுவிட்டுச் சாவியைப் பிடித்துக்கொண்டிருந்தார். சாவி கவுண்டரை விட்டுப் போன நேரம், திரும்பிய நேரம், இரண்டையும் பதிந்துவிட்டால் வாடகையை மேனேஜர் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். ரசம் சாதம் முடிவதற்குள் எனக்கு வழி கிடைத்துவிட்டது. இதைத் தலைப்பாக வைத்து எந்த மேடையில் பேசுவார்கள்?

வரியும் விதியும் வேறு தலைவலி. 2022 ஜூலை 18 முதல் 1,000 ரூபாய்க்குக் குறைந்த அறைக்கும் 12 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரை 5 சதவீதமாகக் குறைந்தது. ரமணாசிரமம் தேடி வரும் வெளிநாட்டினர் தங்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு அனுப்பியாக வேண்டும். இந்த மாதிரி விஷயங்களில் இன்னொரு கோயில் ஊர்க்காரரின் அனுபவத்துக்கு நிகர் கிடையாது.

அதற்காக மேடையே வெட்டி என்று சொல்ல மாட்டேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது எழுத்துரு நிறுவனத்துக்கு ஒரு குறியீடு, ஒரு விசைப்பலகை. ஒரு கடையில் அடித்த கல்யாணப் பத்திரிகை அடுத்த டி.டி.பி. கடையில் குப்பையாகத் தெரியும். அந்த மாநாட்டில் விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் பொதுத் தரம் பேசினார்கள்; அதே ஆண்டு அரசும் அதை ஏற்றது. அப்படி வந்த டாம், டாப் குறியீடுகளை யூனிகோடு பின்னால் ஓரங்கட்டிவிட்டது. தமிழ் 99 விசைப்பலகை இன்றைக்குச் செல்போன் வரை வந்திருக்கிறது. அப்படி எதையாவது முடிவுகட்டும் கூட்டமென்றால் கடன் வாங்கியாவது போகலாம். ஐஐடி வளாகத்தில் சென்னை லினக்ஸ் பயனர் குழு நடத்திய மாதக் கூட்டங்கள் இன்னொரு ரகம். கட்டணம் கிடையாது; சந்தேகத்தோடு போகிறவருக்கு அங்கே மதிப்பு அதிகம்.

இப்போது வந்திருக்கும் அழைப்பு தேய்பிறையில் விழுகிறது. கடையில் என்னோடு இருக்கும் தம்பி, “அண்ணா, நான் போகட்டுமா?” என்றான். போ, ஆனால் லாட்ஜ் மேனேஜரின் நோட்டில் நாலு பக்கம் போட்டோ எடுத்துக்கொண்டு போ, மத்தியானம் வரிசையில் அவசரப்படாமல் நில், ராமேஸ்வரத்துக்காரர் யாராவது அகப்படுவார் என்றேன்.

“அப்போ பேச்சு எதுவும் கேக்க வேணாமா?”

“ஏ.சி. நல்லா இருக்கும். உக்காந்து கேளு.”