பேப் ஜகாரியாஸ் அம்மையார்

இவ்வாண்டு மலருக்கு விளையாட்டினைப் பற்றி ஏதேனும் எழுதித் தருமாறு பத்திராதிபர் எம்மைப் பணித்தபோது யாம் பெரிதும் திகைத்தோம். இலக்கணமும் பழைய உரைகளும் பயிலும் எமக்கும் விளையாட்டிற்கும் உள்ள தொடர்பு, திடலோரத்து வேம்பின்கீழ் அமர்ந்து பிறர் ஆடக் காண்டலே என்பதனை நண்பர்கள் நன்கறிவர். ஆயினும், சென்ற கோடை விடுமுறையில் நோயுற்றிருந்த எம் பெரியம்மையாருக்குத் துணையாக இருந்தபொழுது, அமெரிக்க வீராங்கனை ஒருவருடைய வரலாற்றை ஆங்கில நூலிற் படித்து, நாள்தோறும் சிறிது சிறிதாக அவருக்குத் தமிழிற் சொல்லி வந்தோம். அதனையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

அவ்வீராங்கனை ஆடியது கோல்ப் என்னும் ஆட்டம். யாம் அதனை ஆடியதில்லை. ஆடுவோரை அருகிருந்து கண்டதுமில்லை. அப்பெயருக்குள் நம் 'கோல்' ஒளிந்துள்ளது என எம் வகுப்புத் தோழர் ஒருவர் வாதிப்பர். அது கிடக்க. பரந்த புல்வெளியில் 18 குழிகள் இருக்கும். நுனி வளைந்த கோலால் சிறு பந்தொன்றை அடித்து அடித்துக் குழிதோறும் வீழ்த்துதல் வேண்டும். எல்லாவற்றையும் மிகக் குறைந்த அடிகளில் முடித்தவரே வென்றவர். இதனைக் கேட்ட பெரியம்மையார், "குறைய அடித்தவனுக்கா பரிசு? இது நல்ல விளையாட்டு" என்று நகைத்தார். அறுவை மருத்துவத்திற்குப் பின் அவர் நகைத்ததை யாம் அன்றுதான் கண்டோம்.

மில்ட்ரெட் எல்லா டிட்ரிக்சன் என்பது அவ்வம்மையாரின் இயற்பெயர். நார்வே நாட்டினின்றும் குடியேறிய பெற்றோருக்கு, டெக்ஸாஸ் மாகாணத்துப் போர்ட் ஆர்தர் நகரில் 1911-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் பிறந்தார். வளர்ந்தது பக்கத்துப் போமான்ட் நகரில். தந்தையார் தச்சர். செல்வம் இல்லாத வீடு, பிள்ளைகளோ பலர். தெருவிற் சிறுவர்களோடு பந்தடித்து வளர்ந்த இப்பெண்ணை எல்லாரும் 'பேப்' என்று அழைத்தனர், அப்பெயரே நிலைத்தது.

1932-ஆம் ஆண்டு இல்லினாய் மாகாணத்து எவன்ஸ்டன் நகரில் தேசிய மகளிர் ஓட்டப்பந்தயங்கள் நிகழ்ந்தன. டல்லாஸ் நகரத்து இன்ஷூரன்ஸ் கம்பெனியொன்று தன் அணியாக இவர் ஒருவரையே அனுப்பியது. எட்டுப் போட்டிகளிற் கலந்து, ஐந்தில் தனித்து வென்று, ஒன்றில் முதலிடத்தைப் பகிர்ந்து, 30 புள்ளிகள் பெற்றார். அடுத்து நின்ற அணியில் 22 மகளிர் இருந்தனர். அவர் அனைவரும் சேர்ந்து பெற்றவை 22 புள்ளிகளே. அவ்வாண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் பெண் ஒருவர் மூன்று போட்டிகளுக்குமேற் கலத்தல் ஆகாது என்பது விதி. மூன்றிற் கலந்தார், ஈட்டி எறிதலிலும் 80 மீட்டர் தடை ஓட்டத்திலும் பொற்பதக்கம் பெற்றார். உயரம் தாண்டுதலிற் பிறிதொரு மங்கையோடு சமமாகத் தாண்டியும், உடலுக்கு முன் தலை கடந்தது முறையன்று என நடுவர் கூறி வெள்ளிப் பதக்கம் அளித்தனர்.

இவ்வளவும் கோல்ப் கோலை முறையாகப் பயில்வதற்கு முன்! பின்னர் அவ்வாட்டத்தைக் கற்கத் தொடங்கி, கையிற் குருதி கசியும் வரையில் பந்தடித்துப் பழகினார். புண்ணின்மேல் துணி சுற்றிக்கொண்டு மீண்டும் அடிப்பாராம். அந்நாளில் அஃது உயர்குடிச் செல்வர் கழகங்களுக்கு உரிய ஆட்டம். 1935-இல் டெக்ஸாஸ் மகளிர் போட்டிக்கு இவர் வந்தபோது, வண்டியோட்டிகளின் புதல்வியர் இங்கு வேண்டா என்னும் பொருள்படச் சீமாட்டி ஒருத்தி பேசினாள். இறுதியாட்டத்தில் அச்சீமாட்டியே எதிர்நின்றாள். தச்சர் மகள் அவளை வென்றார். ஆனால் வெற்றி பெற்ற சில நாட்களிலேயே, பிற விளையாட்டுக்களிற் பொருள் ஈட்டியவர் என்னும் காரணத்தால், பொருள் கருதாது ஆடுவோர் வரிசையினின்றும் அமெரிக்கக் கோல்ப் சங்கத்தார் இவரை விலக்கினர். பொருள் உடையார்க்கன்றோ பொருள் கருதாது ஆடல் எளிது! 1943-இலேயே அவ்வுரிமை மீண்டது. இடையே 1938-இல் ஆடவர் போட்டியொன்றிற் கலந்தபோது உடன் ஆடிய மல்லர் ஜார்ஜ் ஜகாரியாஸ் என்பாரை அவ்வாண்டே மணந்தார்.

1946-இல் அமெரிக்க மகளிர் பட்டம். 1947-இல் ஸ்காத்லாந்தின் கலன் திடலில் பிரிட்டிஷ் மகளிர் பட்டம். 1893 முதல் நடந்துவந்த அப்போட்டியை வென்ற முதல் அமெரிக்கர் இவரே. 1950-இல் பெண்கள் தொழில்முறைக் கோல்ப் சங்கத்தைத் தோற்றுவித்த பதின்மூவருள்ளும் ஒருவரானார்.

நிற்க. இவ்வம்மையார்பால் எமக்கு உவப்பில்லாதனவும் உள. போட்டி தொடங்குமுன் ஆடை மாற்றும் அறைக்குட் புகுந்து, இரண்டாமிடம் பெறப் போகிறவர் யார் என வினவுவாராம். அடக்கத்தைச் செல்வமாகப் போற்றும் நூல்களைப் பயிலும் எமக்கு இது கசந்தது. தம் வயதையும் மூன்றாண்டு குறைத்தே கூறி வந்தார். ஆனால் பெரியம்மையாருக்கோ இவையே மிகவும் பிடித்தன. "சொன்னாள், செய்தும் காட்டினாளே" என்பார்.

1953-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அம்மையாருக்குக் குடலிற் புற்றுநோய் கண்டது. போமான்ட் நகரிலேயே அறுவை செய்து, வயிற்றில் வழி ஏற்படுத்தி, மலம் சேரும் பையொன்றைப் பொருத்தினர். இனிப் போட்டிகளில் ஆட இயலாது என்று மருத்துவர் கருதினர். அந்நாளில் இந்நோயின் பெயரை அமெரிக்காவிலும் உரக்கச் சொல்லார். இவரோ தம் நோய் இன்னதென்று பத்திரிகைகளுக்குத் தாமே சொன்னார். மூன்றரை மாதத்தில் மீண்டும் திடலில் நின்றார். 1954 ஜூலையில் மாசசூசெட்ஸ் மாகாணத்துச் சேலம் கழகத் திடலில், அப்பையை அணிந்தபடியே, இறுதி நாளில் ஒரே பகலில் 36 குழிகள் ஆடி, 12 அடி முன்னிலையில் மூன்றாம் முறையாக அமெரிக்க மகளிர் ஓப்பன் பட்டத்தை வென்றார்.

இப்பகுதியைச் சொல்லுங்கால் எம் குரல் தடுமாறியது. பெரியம்மையாருக்குச் செய்யப்பட்டதும் இதே அறுவை. வயிற்றில் இருந்ததும் இத்தகைய பையே. நாற்றம் வீசுமோ என்னும் கூச்சத்தால் ஞாயிறு ஆராதனைக்கும் செல்லாது ஐந்து மாதமாக வீட்டினுள்ளே இருந்தார். குடலிற் புண் என்று மட்டுமே எம் இல்லத்தார் அவரிடம் சொல்லியிருந்தனர். நோயின் பெயரை அவர் முன் உரைத்தல் கூடாது எனத் தந்தையார் எமக்கும் கட்டளையிட்டிருந்தார். யாமும் அம்மையாரின் நோயைக் 'குடற்புண்' என்றே மொழிபெயர்த்தோம். மொழிபெயர்ப்புப் பாடத்தில் எமக்கு நல்ல மதிப்பெண் உண்டு. அன்று யாம் செய்ததோ பொய்.

அம்மையாரின் வரலாற்றிலும் அத்தகைய பொய் ஒன்று உண்டு. அறுவையின்போதே நோய் பிற இடங்களுக்கும் பரவியிருந்ததை மருத்துவர் கண்டனர். கணவரிடமும் நெருங்கிய தோழியிடமும் சொன்னார்கள், அவரிடம் சொல்லவில்லை. உலகறியத் தம் நோயைக் கூறியவர், அதன் பாதியை அறியாமலே 1954-இல் வென்றார். மறுவருடம் நோய் திரும்பியது. 1956 செப்டம்பர் 27-ஆம் நாள், கால்வெஸ்டன் நகரத்து மருத்துவமனையில், 45 வயதில் காலமானார். 2021-இல் அமெரிக்க அரசு சுதந்திரப் பதக்கத்தை அவர் பெயருக்கு அளித்தது.

கதையை முடித்தபின் பெரியம்மையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "புண் இருந்த இடத்தை விட்டு வேறிடத்துக்குப் பரவுமா ஐயா?" என்றார். யாம் நூலை மூடிக்கொண்டிருந்தோம். "அவளிடம் எல்லாம் சொன்னார்களா?" என்று மறுபடியும் கேட்டார்.

"இல்லை, பெரியம்மா" என்றோம்.

எம் முகத்தைச் சிறிது நேரம் நோக்கினார். பிறகு, வருகிற வியாழக்கிழமை மருத்துவரிடம் தம்மோடு உள்ளே வரவேண்டியவர் தந்தையார் அல்லர், யாமே என்று சொல்லி, வெளியே உடுக்கும் சேலைகளுள் ஒன்றை எடுத்துவைக்கச் சொன்னார்.