பிரிஞ்சாங் ஏற்றம்

டிரையத்லான் என்றாலே பலருக்கு நீச்சல்தான் பயம். கேமரன் மலையில் எங்களுக்கு நீச்சல் வைக்கவில்லை. ஓட்டமும் சைக்கிளும் மட்டும். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு நிதி திரட்டும் சின்ன ஏற்பாடு. அப்பாடா, பாரம் குறைந்தது என்று நினைத்தவர்களை மலை நன்றாகக் கவனித்துக்கொண்டது.

அங்குள்ள பிரிஞ்சாங் டவுனே சுமார் 1,500 மீட்டர் உயரம். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டப் பக்கமாக ஏறிப் போனால் குனோங் பிரிஞ்சாங் உச்சி 2,000 மீட்டரைத் தாண்டும். கடலோரத்தைவிட அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கிள்ளானில் ஓடிப் பழகிய நெஞ்சு அதை உடனே கண்டுபிடித்துவிட்டது. பாதையோ குறுகல். எதிரே வரும் லேண்ட்ரோவருக்கு ஒதுங்கி நின்றோமா, அந்தச் சரிவில் மறுபடி மிதித்துக் கிளம்புவது தனி வித்தை. இருக்கிற கியரெல்லாம் தீர்ந்து, முன்சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். பலர் இறங்கித் தள்ளினார்கள். நானும்தான். அதில் என்ன வெட்கம்?

ஒரு வளைவில் நின்ற பாட்டி கேட்டார்: "ஏன் தம்பி, காசும் கட்டி கஷ்டமும் படுறீங்களா?"

நியாயமான கேள்வி. 1929-இல் போ (BOH) தேயிலை நிறுவனம் இந்த மலையில் தேயிலை பயிரிடத் தொடங்கிய காலத்திலேயே, கூடையைச் சுமந்து சரிவுகளில் ஏறி இறங்கியவர்கள் நம்மவர்கள். அவர்களுக்குப் பதக்கமா கொடுத்தார்கள்?

நாங்கள் காசு கட்டி ஏறியது யாருக்காகவோ, அந்த டயாலிசிஸ் நோயாளிகள் பெரும்பாலும் வாரம் மூன்று முறை, தடவைக்கு நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். நான் பதிவிட்ட சைக்கிள் படத்துக்கு லைக் போட்டது போதும். உங்கள் ஊர் மையத்துக்கு முடிந்ததைக் கொடுங்கள்.